எடைக்குறைப்பு ஆபரேஷன் தேதி தள்ளிப்போனால்: காத்திருப்பதா, ஆஸ்பத்திரி மாற்றுவதா, ஊசியா, பலூனா?

2025 ஏப்ரலில் நடக்க வேண்டிய என் ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. நடுவில் மூன்று தேதிகள் வந்து போயின. ஆபரேஷனுக்கு முந்தைய டயட் தொடங்குவதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை, "இனிமே இதெல்லாம் உன்னால சாப்பிட முடியாதே" என்று மாமியார் பிரியாணி போடுவார். மூன்று தேதிக்கும் மூன்று பிரியாணி. மூன்றாவது முறையும் தள்ளிப்போனபோது எடை பார்த்தேன். 118 கிலோவாக இருந்தவள் 122. எடையைக் குறைக்கக் காத்திருந்த காலத்தில் நான்கு கிலோ ஏறியிருந்தது.

அப்புறம் சொந்தத்திலோ ஆபீஸிலோ யாருக்காவது தேதி தள்ளிப்போனால் எனக்குப் போன் வர ஆரம்பித்தது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கேயே காத்திருக்கலாமா, வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாமா, இப்போது வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டு ஆபரேஷனையே விட்டுவிடலாமா, பலூன் என்கிறார்களே அது என்ன? நான் டாக்டர் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். நான்கையும் வரவு செலவு போட்டுப் பார்த்தது மட்டும் எனக்குத் தெரியும்.

## முதலில், தள்ளிப்போனது எதனால்?

போன் செய்பவர்களில் பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது. "டாக்டர் இப்ப வேண்டாம்னுட்டார்" என்பார்கள். அது பதில் இல்லை. காரணம் மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வரும்: உடம்பு, காகிதம், வரிசை.

உடம்பு. எனக்கு முதல் தேதியைத் தள்ளியது மூன்று மாத சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி). 9.4 சதவீதம் இருந்தது. எட்டுக்கு அருகிலாவது கொண்டுவந்துவிட்டு வா என்றார்கள். இரண்டாவது தேதியைத் தள்ளியவை இரண்டு. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 42 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது (30க்கு மேல் போனாலே கடுமை என்பார்கள்). எண்டோஸ்கோபியில் (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமியும் இருந்தது. இவை தவிர ரத்தசோகை, தைராய்டு, இதய எக்கோவில் சந்தேகம், சிகரெட் என்று பல காரணங்கள் உண்டு. சிகரெட் பிடிப்பவர்களைக் குறைந்தது ஆறு வாரமாவது விட்டுவிட்டு வரச் சொல்வார்கள்.

இவற்றில் சிலவற்றைப் பணம் கொடுத்தும் விரைவுபடுத்த முடியாது. ஹெச். பைலோரிக்குப் பதினான்கு நாள் மாத்திரை. முடித்து நான்கு வாரம் கழித்துத்தான் கிருமி போய்விட்டதா என்று பரிசோதிக்க முடியும். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமிலத்துக்கான மாத்திரையையும் நிறுத்த வேண்டும். ஆக ஆறு வாரம். சர்க்கரையின் மூன்று மாத சராசரி, பெயரிலேயே இருப்பது போல, மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் அங்கே ஒரு சந்து உண்டு: வீட்டில் தினமும் எடுத்த ரீடிங் நோட்டைக் காட்டினால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேளுங்கள். சில டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

காகிதம். இன்ஷூரன்ஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிப்படி, டாக்டர் பரிந்துரையோடு, 18 வயது முடிந்து, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த ஆபரேஷனுக்கு கிளெய்ம் உண்டு. 35 இருந்தால், கட்டுக்கு அடங்காத டைப் 2 சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதயக் கோளாறு போன்றவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும். வேறு எளிய வழிகளில் எடை குறைக்கப் பார்த்துத் தோற்றிருக்கவும் வேண்டும். அந்தத் தோல்விக்குச் சான்று கேட்பார்கள். நான் ஏழு வருடத்துக்கு முந்தைய டயட்டீஷியன் சீட்டைப் பீரோவின் அடியிலிருந்து தோண்டி எடுத்தேன். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு, 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் மூன்று வருடம். முன்பு நான்கு. உங்கள் பாலிசி எந்த மாதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

வரிசை. டாக்டர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறார், ஐசியூ படுக்கை இல்லை, தியேட்டரில் இடமில்லை. என் மூன்றாவது தேதி ஆடியில் விழுந்தது. "ஆடியில கத்தி வைக்கிறதா?" என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். நான் கோபத்தோடுதான் ஒத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் அதையேதான் சொல்றாங்க மேடம், அதனால ஆவணியில கூட்டம் தாங்காது" என்றார்.

உடம்பால் வந்த தாமதம் உங்களைக் காப்பாற்றுவதற்காக வந்தது. காகிதமும் வரிசையும் அப்படி இல்லை. முன்னதை எதிர்த்துச் சண்டை போட்டால் நஷ்டம் உங்களுக்கு. பின்னவற்றோடு தாராளமாகச் சண்டை போடலாம். அமெரிக்காவில் சில இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆபரேஷனுக்கு முன் மாதக்கணக்கில் டயட் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்த நிபந்தனைக்கு மருத்துவ ஆதாரமே இல்லை என்று அந்நாட்டு எடைக்குறைப்பு அறுவை நிபுணர்களின் சங்கமே 2016இல் சொல்லிவிட்டது.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

ஐந்து கேள்விகள் வைத்துக்கொண்டேன். இந்த வழி தாமதத்தின் காரணத்தைத் தீர்க்கிறதா, அல்லது அதை மறக்க மட்டும் வைக்கிறதா? எத்தனை வாரம் பிடிக்கும்? பில்லில் வரும் செலவு எவ்வளவு, பில்லில் வராத செலவு எவ்வளவு? ஆபத்து கூடுமா? கடைசியாக, பலரும் கேட்கத் தவறுவது: இன்று இதைச் செய்தால் நாளை ஆபரேஷனுக்கோ கிளெய்முக்கோ இது குறுக்கே நிற்குமா?

| வழி | எந்தக் காரணத்துக்குச் சரி | பிடிக்கும் காலம் | பில்லில் வரும் செலவு | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| அங்கேயே காத்திருப்பது | உடம்பு | 6 வாரம் முதல் 4 மாதம் | குறைவு. மாத்திரை, சிபேப் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்று செலுத்தும் மெஷின்) வாடகை | ஏறும் எடை, வீணாகும் லீவு, காலாவதியாகும் பரிசோதனைகள் |
| ஆஸ்பத்திரி மாற்றுவது | வரிசை. சில சமயம் காகிதம் | 2 முதல் 6 வாரம் | மறுபடியும் பரிசோதனைகள் | புதிதாக இன்ஷூரன்ஸ் முன் அனுமதி, பழகிய டாக்டரை இழப்பது |
| ஊசி | சர்க்கரை, நீண்ட காகிதத் தாமதம் | பலன் தெரிய 3 மாதமாவது | மாதா மாதம், பல ஆயிரம் | நிறுத்தினால் ஏறும் எடை, கிளெய்ம் சிக்கல் |
| பலூன் | மிக அதிக எடையால் மயக்க மருந்தே ஆபத்தாக இருப்பது | 4 முதல் 6 மாதம் | மொத்தமாகப் பெரிய தொகை | எடுத்த பிறகும் ஆபரேஷனுக்கு இடைவெளி |

காலக்கணக்கு என் அனுபவத்தையும் நான் விசாரித்ததையும் வைத்துப் போட்டது. உங்கள் டாக்டரின் கணக்குதான் கடைசி.

## அங்கேயே காத்திருப்பது

நான் செய்தது இது. ஆனால் முதல் இரண்டு மாதம் தப்பாகச் செய்தேன். சும்மா இருந்தேன். காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைத்ததன் விளைவுதான் அந்த நான்கு கிலோ.

காரணம் உடம்பில் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் கத்தி வைத்தால் காயம் ஆறுவது தாமதமாகும், தொற்று வரும். மூச்சுத்தடைக்குச் சிகிச்சை இல்லாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் முடிந்த முதல் இரவே ஆபத்து. எனக்கு சிபேப் மெஷின் மாதம் 3,500 ரூபாய் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு பழைய மிக்ஸி அளவு இருக்கும். மே மாதத்து ராத்திரியில் கரண்ட் போனதும் மாஸ்க்குக்குள் காற்று நின்று, விக்கித்து எழுந்து உட்கார்ந்த அனுபவமெல்லாம் உண்டு. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் ஒரு காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தேன். வருடக்கணக்கில் அந்தத் தலைவலியைத்தான் 'காபி குடிக்காததால்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது லீவு. மூன்று முறை மேனேஜரிடம் நின்றேன். மூன்றாவது முறை அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது, பரிசோதனைகள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் சில வாரத்துக்குத்தான் செல்லும், அப்புறம் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் முன் அனுமதிக்கும் கெடு உண்டு. தேதி மாறியதுமே கவுன்டரில் போய்ச் சொல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன் சுமார் இரண்டு வாரம் கல்லீரலைச் சுருக்கும் டயட் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு 800 முதல் 1,000 கலோரி, பெரும்பாலும் புரோட்டீன் பவுடரும் மோரும் சூப்பும். கொழுப்பேறிய கல்லீரலின் இடது பக்கம் இரைப்பையின் மேல் படுத்திருக்கும். அது சுருங்கினால்தான் டாக்டருக்குக் கைபோக இடம் கிடைக்கும். இரண்டாவது தேதிக்காக நான் அந்த டயட்டில் இருந்த நான்காவது நாள், கிண்டி ஆபீஸில் காலை பதினொன்றரைக்கு எக்செல் திரை ஆட ஆரம்பித்தது. கை நடுங்குகிறது, கழுத்தெல்லாம் வியர்வை. பையிலிருந்த மீட்டரில் பார்த்தால் சர்க்கரை 58தான். பக்கத்து சீட் பெண் பாண்ட்ரியிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து தண்ணீரில் கலந்து கொடுத்தாள். டயட் சார்ட் கொடுத்தவர் ஒருவர், சுகர் மாத்திரை எழுதியவர் வேறொருவர். சாப்பாட்டைக் கால்வாசியாக்கிவிட்டு சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே டயட் தொடங்கும் நாளுக்கு முன்பே, சர்க்கரை மாத்திரைகளையும் இன்சுலினையும் எவ்வளவு குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃபுளோசின் வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாவுச்சத்து குறைந்த டயட்டில் அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடலாம். மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டும். ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள். தேதி தள்ளிப்போனால் இந்த டயட்டை நீங்களாகவே நீட்டிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கென்று போட்ட சாப்பாட்டில் இரண்டு மாதம் இருந்தால் தசை கரையும், முடி கொட்டும்.

## ஆஸ்பத்திரி மாற்றுவது

காரணம் வரிசையாக இருந்தால் மாற்றுவதில் தப்பே இல்லை. "ஏன் தள்ளிப்போகிறது" என்பதற்கு இரண்டு முறை கேட்டும் தெளிவான பதில் வராத இடத்தையும் மாற்றலாம். கடுமையான மூச்சுத்தடை இருக்கும் ஒருவருக்கு ஐசியூ இல்லாத இடத்தில் தேதி கொடுத்திருந்தால், கட்டாயம் மாற்றுங்கள்.

ஆனால் ஒரு ஆஸ்பத்திரி "சர்க்கரை சரியில்லை, பொறு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாளைக்கே வாங்க, பண்ணிடலாம்" என்னும் இன்னொரு இடத்துக்கு ஓடுவது வேறு கதை. அது வேகம் இல்லை, கவனக்குறைவு. விலையை மட்டும் பார்த்து மாறுவதும் அப்படித்தான். 2024இல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவையின்போது ஓர் இளைஞர் இறந்தது பலருக்கும் நினைவிருக்கும். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே போதவில்லை என்று அரசு விசாரணையில் தெரிந்து அதன் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். புது இடத்தில் கேட்க வேண்டியது விலைப்பட்டியலை அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு மூச்சுத் திணறினால் யார் வருவார், எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேளுங்கள்.

மாறுவதென்று முடிவானால் எண்டோஸ்கோபி, தூக்கப் பரிசோதனை, எக்கோ ரிப்போர்ட்டுகளின் நகலை முதலில் வாங்கிவிடுங்கள். அவை உங்களுடையவை. இருந்தாலும் புது இடத்தில் பாதியையாவது திரும்ப எடுப்பார்கள், அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் அனுமதியும் ஆஸ்பத்திரி பெயருக்குத்தான் தருவது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2024இல் சொல்லியிருக்கிறது. காகிதம் குறைவில்லாமல் இருந்தால் அது நடக்கும். ஒன்று விடுபட்டாலும் கேள்விமேல் கேள்விதான்.

கையில் பணமும் பாலிசியும் இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனை. சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே அதற்கென்றே இருக்கும் கவுன்டரில் கேளுங்கள். வரிசை நீளம்தான். ஆனால் மயக்க மருந்து டாக்டரும் ஐசியூவும் ஒரே வளாகத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பதற்கு ஒரு விலை போட்டால் அது சின்ன விலை இல்லை.

## ஊசி

என் முதல் தேதி தள்ளிப்போவதற்குக் கொஞ்சம் முன்புதான், 2025 மார்ச்சில், மௌஞ்சாரோ என்ற ஊசி இந்தியாவுக்கு வந்திருந்தது. ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. வாரம் ஒரு ஊசி. வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. ஆக மாதம் 14,000 முதல் 17,500. செமாக்ளூட்டைடு ஊசியும் உண்டு. அதன் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் விலை நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், மருந்துக்கடையில் அன்றைய விலையைக் கேட்டுவிடுங்கள்.

மருந்து வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. 2022இல் வெளிவந்த பெரிய சோதனையில், மௌஞ்சாரோவில் இருக்கும் மருந்தின் உச்ச அளவில் 72 வாரத்தில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்தது. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் சர்க்கரை இல்லாதவர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். ஆனால் 72 வாரம் என்பதைக் கவனியுங்கள். முதல் நான்கு வாரம் 2.5, அப்புறம் 5, தேவைப்பட்டால் நான்கு வாரத்துக்கு ஒரு படி. இரண்டு மாதத் தாமதத்துக்கு இதைத் தொடங்கினால், குமட்டலோடு பழகி முடிப்பதற்குள் ஆபரேஷன் தேதி வந்துவிடும்.

என்றாலும் இரண்டு இடங்களில் ஊசிதான் மேல் என்று நினைக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் சர்க்கரை என்றால், எடையையும் சர்க்கரையையும் சேர்த்தே இறக்கும் இந்த மருந்து காரணத்தையே தீர்க்கிறது. காகிதத்துக்காக இன்னும் எட்டு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்க வேண்டும் என்றாலும் ஊசிக்கு நேரம் கிடைக்கிறது. ஆபரேஷனே வேண்டாம், ஊசியே போதும் என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு சோதனையில், செமாக்ளூட்டைடை நிறுத்திய ஒரு வருடத்தில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆக இது இஎம்ஐ மாதிரி, ஆனால் கடைசித் தவணை எப்போது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

பில்லில் வராதவை மூன்று. ஊசியால் பிஎம்ஐ 40க்கோ 35க்கோ கீழே இறங்கிவிட்டால் கிளெய்மில் கேள்வி வரலாம். தொடங்கும் நாளன்றே எடை, உயரம், பிஎம்ஐ மூன்றையும் தேதியும் முத்திரையும் போட்டு டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் நீராகாரம் என்பதை மயக்க மருந்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும், ஊசி போடுவதை அவரிடம் மறைக்கவே கூடாது. மூன்றாவது பெண்களுக்கு: எடை இறங்கினால் நின்றுபோன மாதவிடாய் திரும்பும், கருவும் தங்கும். மௌஞ்சாரோ போடும்போது கர்ப்பத்தடை மாத்திரையின் வேலை குறையக்கூடும். ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பார்கள். கணையத்தில் அழற்சி வந்தவர்களும், மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருப்பவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

## பலூன்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை. இரைப்பைக்குள் ஒரு பலூனை வைத்து நிரப்புவார்கள். எண்டோஸ்கோபி வழியாக வைப்பது பெரும்பாலும் ஆறு மாதம் இருக்கும், விழுங்கும் வகை சுமார் நான்கு மாதம். முதல் சில நாள் குமட்டலும் வாந்தியும் பாடாய்ப் படுத்தும். இறங்குவது சுமாராகப் பத்தில் ஒரு பங்கு எடை. எடுத்த உடனே ஸ்லீவ் செய்ய முடியாது. இரைப்பைச் சுவர் தடித்திருக்கும் என்பதால் சில வாரம் இடைவெளி விடுவார்கள். ஆக, தாமதத்தைத் தாங்க வாங்கிய பொருளே தாமதத்தை நீட்டிக்கும்.

பிஎம்ஐ 55, 60 என்று இருந்து, மயக்க மருந்து டாக்டரே "இந்த எடையில் நான் கை வைக்க மாட்டேன்" என்று சொன்னவருக்கு மட்டும் இது பேசத் தகுந்த வழி. அவர்களுக்கும் இப்போது ஊசி என்ற மாற்று வந்துவிட்டதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

## இவற்றில் எதற்கும் பொறுக்கக் கூடாத நேரங்கள்

எந்த வழியில் காத்திருந்தாலும் நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, படுத்தால் மூச்சு முட்டுவது, நிற்காத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே காய்ச்சலோடு வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் தேதியைப் பற்றி யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

## தேதி எனக்குக் கிடைத்த விதம்

ஆடி முடிந்ததும் கோஆர்டினேட்டரிடம் போய், "யாராவது கேன்சல் பண்ணினா எனக்குப் போன் பண்ணுங்க, ரெண்டு நாள் முன்னாடி சொன்னாலும் வந்துடுவேன்" என்று எழுதிக் கொடுத்தேன். இதை ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாம், யாரும் சொல்லித் தரவில்லை. ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் வைத்திருந்தேன், சர்க்கரை 7.8க்கு இறங்கியிருந்தது, டயட்டையும் டாக்டர் சொல்லி அப்போதுதான் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். வீட்டுக்கு வந்தால் மாமியார் ஒரு வாரத்துக்கான இட்லி மாவை அரைத்து இரண்டு தூக்கு நிறைய ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். "பிரியாணிக்கு நேரம் இல்லையே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஒரு தூக்கை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.